இரண்டாவது ஆணியில் இருந்த சவுக்கு

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அன்னைக்குப் பந்தயம் முடிஞ்சதும் எடைக்கூடத்துல யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடறேன். அப்புறம் ‘அக்காவுக்கு வயசாயிடுச்சு, எல்லாம் குழம்பிப் போச்சு’ன்னு நீ சொல்லக் கூடாது.

குதிரை முதலாளி இருந்தார், பல்வலியோட, கைக்குட்டையைத் தாடைக்குச் சுத்திக் கட்டிக்கிட்டு. நடுவர் இருந்தார், தொப்பியைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு. தராசுக்குப் பக்கத்துல எடைக்காரர். ரெண்டாவதா வந்த ஜாக்கி, அந்த மூக்கு உடைஞ்சவன், சுவர்ல சாய்ஞ்சு நின்னான். நீ தராசு நாற்காலியில, மடியில சேணம், கையில சவுக்கு. உனக்குப் பின்னால என் வீட்டுக்காரர், சட்டையெல்லாம் குதிரையோட நுரை. ஆறு பேர். ஏழாவது நான். பொம்பளைக்கு உள்ள இடமில்லேன்னு ஜன்னலுக்கு வெளியே நின்னேன். ஊசி தோள் துணியில குத்தினபடியே இருந்தது. நூலைக் கூட அறுக்கல.

இதை இப்ப எதுக்கு எழுதறேன்னா, பேத்தி பேப்பர் கொண்டாந்து காட்டினா. மைதானத்து வாசல் வளைவுக்கு உன் பேர் வைக்கிறாங்களாம். ‘தக்கை’ன்னு கூப்பிட்ட ஊரே இப்ப கல்லுல செதுக்குது. பதினோரு வருஷம் தொடர்ந்து முதல் ஜாக்கி, வேற எவனும் இல்லேன்னு போட்டிருக்கு. வயிறு குளிர்ந்துதான் படிச்சேன். அடுத்த வரியில குளிர்ந்ததெல்லாம் எரிஞ்சு போச்சு. திறந்து வைக்கிறது எடைக்காரராம்! தொண்ணூறு வயசாம். ‘நேர்மையின் மறுபெயர்’னு எழுதியிருக்கான். பேத்தியை மூணு தடவை படிக்கச் சொன்னேன், என் கண்ணு பொய் சொல்லுதோன்னு.

அன்னைக்குப் புறப்படும்போது உன் எடை நூத்திப் பதினாலு ராத்தல். இம்மி பிசகல. எனக்குத் தெரியாதா? வேர்த்து எடை இறங்கட்டும்னு மூணு நாள் உன்னைக் கொதிக்கிற சாணிக் குவியல்ல கழுத்து வரைக்கும் புதைச்சு, குடை பிடிச்சு, முகத்துல ஈ உட்காராம விசிறினவ நான். கொடிக்காரன் மூணு தடவை தப்பாப் புறப்பட விட்டு முக்கால் மணி நேரம் இழுத்தான். அப்புறம் நாலு மைல் ஓடி, ரெண்டு குதிரை நீளத்துல நீ ஜெயிச்சே. வந்து தராசுல உட்கார்ந்தா ரெண்டு ராத்தல் குறையுது! வேர்வைக்குன்னு அரை ராத்தல் தள்ளுவாங்க. ரெண்டு எங்கடா போச்சு?

அப்பதான் என் வீட்டுக்காரர் முன்னால வந்தார். ‘தப்பு என்னோடது. எடை போட்டப்புறம் சேணத் துணியை மாத்திட்டேன். இது லேசான துணி’ன்னார். நடுவர் பேனாவை எடுத்தார். ஆயுசுக்கும் எந்த லாயத்து வாசல்லயும் கால் வைக்கக் கூடாதுன்னு எழுதிட்டார். ஒன்பது வயசுலேர்ந்து குதிரையோட வளர்ந்த மனுஷன்.

அது பொய். துணி மாறவே இல்ல. அன்னைக்குக் காலையில கறுப்பு நூல் தீர்ந்து போய் சிவப்பு நூல்ல ஓரம் அடிச்சேன். தராசுல உன் மடியில தொங்கினதும் அதே சிவப்பு ஓரம்தான். சேணம் அதே, துணி அதே, நீயும் அதே. அப்ப மாறினது என்ன? தராசு. முதலாளி மிரட்டி அவரைப் பழி ஏத்துக்க வச்சார், எடைக்காரர் முள்ளைக் கோணலாக்கினார். எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

துணியை அன்னைக்கே சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேன். பெட்டியில இருக்கு. வளைவைத் திறக்கற ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். எல்லாரும் பார்க்க அதை அந்த ஆள் மூஞ்சிக்கு முன்னால விரிச்சு, ‘சொல்லுங்க, என் வீட்டுக்காரர் எந்தத் துணியை மாத்தினார்?’னு கேட்பேன். அவர் செத்து இருபத்திரண்டு வருஷமாச்சு. பேராவது சுத்தமாகட்டும்.

ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு அவர் என்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொன்னார். நீங்க புறப்படாம நின்னுக்கிட்டிருந்த நேரத்துல என் கை சும்மா இருக்காம, சேண அறையில தொங்கின பழைய சவுக்கு ஒண்ணைத் தச்சு வச்சிருந்தேன், பிடி பிரிஞ்சு கிடந்தது. கூட்டம் கத்தினதும் அவர் மூச்சு வாங்க ஓடி வந்து அதை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில வச்சுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘நல்லா தச்சிருக்கே’ன்னார். ஓடிட்டார். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் என் தையலை அவர் மெச்சினதே இல்ல. அதை நினைச்சுக்கிட்டுத்தான் பாதி நாள் ஓடுது.

காத்து பலமா அடிக்குது. ஈயக்கட்டியைக் காகிதத்து மேல வச்சுட்டு எழுதறேன். அது இல்லேன்னா இதுவும் உன்னை மாதிரியே பறந்து போயிருக்கும்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் உடனே பிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்று வைத்தேன். பிறகு சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரித்தேன். பந்தயச் சீட்டைப் பார்த்து எழுதப் பழகினவள் நீ. இன்னும் எல்லா எழுத்துகளும் குதிரை மாதிரி முன்னால் சாய்ந்தே ஓடுகின்றன.

நான் நலம் என்று சொல்ல வேண்டும். பல் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே விடுதியில் பழைய ஜாக்கிகள் நான்கு பேர் இருக்கிறோம். நால்வரையும் சேர்த்து நிறுத்தினாலும் ஒரு முழு ஆள் எடை வராது என்று சமையல்காரம்மா சிரிக்கிறாள்.

அக்கா, நீ வர வேண்டாம். பயணம் நீளம், உன் முழங்கால் தாங்காது. எடைக்காரருக்கும் காது சுத்தமாகப் போய்விட்டது. நீ கேட்பது அவருக்குக் கேட்கப் போவதும் இல்லை. அவர் நல்ல மனிதர். அவரை நாலு பேர் நடுவில் நிறுத்தாதே. ஏன் என்று என்னைக் கேட்காதே. கேட்டால் என்னால் எழுத முடியாது.

வளைவு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று அதையும் பேப்பரில் போட்டுவிட்டார்கள்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

என் முழங்காலைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம். அது உன்னை விட நல்லா உழைக்குது.

ஏன்னு கேட்காதேன்னா என்னடா அர்த்தம்? சின்ன வயசுல பாலைக் கொட்டிட்டு இப்படித்தான் நிப்பே. ‘ஏன்னு கேட்காதே அக்கா.’ இப்ப எதைக் கொட்டினே? எதைக் காட்டி உன் வாயை அடைச்சாங்க? வளைவா?

எனக்கு எதுவும் மறக்கல. லாயத்தை விட்டு விரட்டினப்புறம் அவர் சுண்ணாம்புச் சூளையில மூட்டை தூக்கினார். புருவம் கூட வெள்ளையா வந்து நிப்பார். குதிரை வண்டி போற சத்தம் கேட்டா வேலையை நிறுத்திட்டு நிப்பார்னு சூளைக்காரன் சொல்வான். முப்பது வருஷம் அந்தப் பொடியை மூச்சுல இழுத்து இழுத்து, கடைசியில மூச்சே விட முடியாம போனார். நீ என்ன பண்ணினே? அதே முதலாளிக்கு இன்னும் ஆறு வருஷம் சவாரி பண்ணினே. அத்தான் செத்ததுக்கு மலர்வளையம் அனுப்பினே. நீ வரல. எடைக்காரர் வந்தார். ஆமாம், வந்தார்! கையில பூவோட. வாங்கி அவர் கண்ணு முன்னாலயே சாக்கடையில போட்டேன். ஒண்ணும் பேசாம தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போனார். குத்தமுள்ளவன்தானே அப்படிப் போவான்?

ஒவ்வொரு சாயங்காலமும் அவர் சாப்பிட உட்காரும்போது அந்த எடைக்காரரைத் திட்டிட்டுத்தான் தட்டு வைப்பேன். அவர் கேட்டுக்கிட்டே சாப்பிடுவார். எப்பவாவது ‘விடேன்’னு சொல்வார். எவ்வளவு பொறுமைன்னு நினைச்சுக்குவேன்.

பேத்தி ரயிலுக்குச் சீட்டு எடுத்துட்டா. துணியைத் துவைக்காம, வேர்வைக் கறையோட அப்படியே மடிச்சு வச்சிருக்கேன்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அத்தானுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் போன பிறகும் காப்பாற்றினேன். உன் எதிரே நின்றால் வாயிலிருந்து வந்துவிடும் என்று பயந்துதான் சாவுக்கு உள்ளே வரவில்லை. எதிர்த் தெருவில், தையல் எந்திரக் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். நீ பூவைச் சாக்கடையில் வீசியதையும் பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

தராசு சரியாக இருந்தது, அக்கா.

எடை போடும்போது கையில் பிடித்திருப்பதும் சேர்த்துதான் கணக்கு. எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு சவுக்குகள் இருந்தன. ஒன்றின் பிடிக்குள் இரண்டு ராத்தல் ஈயம். அதோடு எடைக்கு உட்காருவேன். புறப்படும் இடத்துக்குக் குதிரையை நடத்திப் போகும் வழியில் அத்தான் அதை வாங்கிக்கொண்டு லேசானதைக் கொடுப்பார். ஓடி முடித்ததும் குதிரையைப் பிடிக்க வருகிற சாக்கில் கனமானதைத் திரும்பக் கையில் திணிப்பார். இரண்டு ராத்தல் சின்ன விஷயம் என்று நீ நினைப்பாய். நாலாவது மைலில் அது ஒரு குதிரை நீளம்.

ஐந்து வருடம் இப்படித்தான். அந்தப் பதினொன்றில் முதல் ஐந்து. முதலாளிக்குக் கூடத் தெரியாது. யோசனை என்னுடையது. அத்தான் எனக்காக ஒத்துக்கொண்டார். நீ என்னைச் சாணிக் குவியலில் புதைத்தாயே, எதற்கு என்று நினைத்தாய்? அந்த ஈயத்துக்கு என் உடம்பில் இடம் பண்ணத்தான். நீ விசிறிக்கொண்டே ‘போதும்டா, செத்துடப் போறே’ என்று அழுவாய். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

கனமான சவுக்கை அத்தான் ஒளித்து வைக்க மாட்டார். ஒளித்தால்தான் கண்ணில் படும் என்பார். பழைய சவுக்குகளோடு சேண அறையில் மாட்டிவிடுவார். அன்றைக்கு அதை எடுக்க ஓடிப் போனவர் திரும்பி வந்து என் கையில் வைத்தபோது, பஞ்சு மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். தராசு வரைக்கும் முப்பது அடிதான். இறங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் குனிந்து சேணத்தைச் சரி செய்வதுபோல் என் காதில் சொன்னார்: ‘உங்க அக்கா தச்சுட்டா. நீ வாயைத் திறக்காதே.’

பிறகுதான் முன்னால் போய் அந்தத் துணிக் கதையைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் லாயத்துக்குப் பின்னால் என் சட்டையைப் பிடித்து வாக்கு வாங்கினார். ‘இது அவ கையால நடந்ததுன்னு தெரிஞ்சா அப்புறம் அவ ஊசியைத் தொட மாட்டா’ என்றார். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த வேலை செய்யவில்லை. மிச்சம் ஆறு வருடம் நேராகத்தான் ஜெயித்தேன். நம்பினால் நம்பு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நீ எடைக்காரரைச் சபையில் வைத்துக் கேட்டால், அவர் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பார். அவரிடம் பதில் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. இனிமேல் நீ என்னைத் திட்டலாம்.

தம்பி


மார்ச் 6

பொய் சொல்லாதே. எந்தச் சவுக்கு? எந்த ஆணி? அதை மட்டும் எழுது. வேற ஒண்ணும் எழுதாதே.


மார்ச் 10

ஜன்னலுக்கு இடப்பக்கம், இரண்டாவது ஆணி. பிடியின் அடியில் பித்தளைப் பூண். பூணுக்கு மேலே தோல் பிரிந்திருந்தது.


மார்ச் 22

தம்பிக்கு,

ரெண்டாவது ஆணிதான்.

உன் கடுதாசி வந்தப்ப பேத்தி பக்கத்துல இருந்தா. ‘என்ன பாட்டி, யாராவது செத்துட்டாங்களா?’ன்னா. இல்லேடின்னேன். அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். மூணு நாள் யார்கூடவும் பேசல. நான் பேசாம இருந்து பார்த்ததே இல்லேன்னு மருமக பயந்து டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. அவர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஒண்ணுமில்லேன்னார்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்கோ. கொடிக்காரன் முக்கால் மணி நேரம் இழுத்தடிச்சானே, அந்த நேரத்துல என்னால சும்மா உட்கார முடியல. கண்ணுல பட்ட சவுக்கை எடுத்தேன். தூக்கினா உலக்கை கனம். தோல் பிரிஞ்ச இடத்துல விரலை விட்டுப் பார்த்தா உள்ள ஈயம். சவுக்கு செய்யறவன் வேலைன்னு நினைச்சேன். கனமா இருந்தா ஜனங்க நல்ல சரக்குன்னு வாங்குவாங்களே, அதுக்காக அடைச்சிருக்கான் திருடன்னு திட்டிக்கிட்டே உருவினேன். அந்த மாசம் உனக்கு மணிக்கட்டு சுளுக்கு. தம்பி என்னைக்காவது இதை எடுத்தா கை இன்னும் வீங்குமேன்னு குதிரை மயிரை அடைச்சு, நெருக்கமாத் தச்சேன். இருபத்தாறு தையல். ஈயத்தைத் தூக்கிப் போட மனசு வரல. துணி வெட்டும்போது நகராம இருக்க உதவும்னு பையில போட்டுக்கிட்டேன்.

அம்பத்திரண்டு வருஷமா என் வெட்டுப் பலகை மேல அதுதான் இருக்கு. பேத்தியோட பள்ளிக்கூடச் சட்டை எல்லாத்தையும் அதை வச்சுத்தான் வெட்டினேன். உனக்கு எழுதின முதல் கடுதாசி மேலயும் அதுதான் உட்கார்ந்திருந்தது. அவர் சாப்பிட உட்காருவாரே, அவர் கண்ணுக்கு நேரா இருக்கும். ஒரு நாள் கூட ‘அது என்ன?’ன்னு கேட்டதில்ல. இப்பத்தான் புரியுது. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஆள் அவர் ஒருத்தர்தான்.

மளிகைக் கடைக்குக் கொண்டு போனேன். தராசுல வச்சா ரெண்டு ராத்தல் காட்டுது. கடைக்காரர், ‘ஏம்மா வியர்க்குது உங்களுக்கு?’ன்னார்.

அப்புறம் பேத்தியைக் கூட்டிக்கிட்டு எடைக்காரர் வீட்டுக்குப் போனேன். ரெண்டு பஸ் மாறிப் போனோம். மாடிப்படி முப்பத்தி நாலு. கதவைத் திறந்த அவர் மக என்னைப் பார்த்ததும் வழியை மறிச்சுக்கிட்டு நின்னா. பூவைச் சாக்கடையில போட்டது அவளுக்கும் தெரியும் போல. ‘திட்ட வரலம்மா’ன்னேன். உள்ள விட்டா.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சின்னதாப் போயிட்டார். காது கேட்காதுன்னு நீ எழுதினியே, அதனால ஒண்ணும் சொல்லல. ஈயக்கட்டியை அவர் உள்ளங்கையில வச்சேன். அவர் என்னைப் பார்க்கல. கையை மேலயும் கீழயும் ரெண்டு தடவை ஆட்டினார். ‘ரெண்டு ராத்தல். ஒரு முடியளவு அதிகம்’ன்னார். சும்மா கையில தூக்கியே சொல்றார்டா, மளிகைக்கடைத் தராசு தோத்துது. அப்புறம் அதைத் திருப்பினார். தோலோட அச்சு இன்னும் அதுல இருக்கு, பூண் அழுந்தின வளையமும் இருக்கு. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தார். ‘சவுக்கு’ன்னார்.

நான் தலையாட்டினேன்.

அவர் அழுதார். கோபத்துல இல்ல. மக ஓடி வந்து தோளைப் பிடிச்சா. ‘அன்னைக்கப்புறம் அந்தத் தராசைப் பதினாலு தடவை பிரிச்சுப் பார்த்தேம்மா. எங்கயும் தப்பு இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரர் சொன்னது பொய்ன்னு எனக்கும் தெரியும், சிவப்பு ஓரத்தை நானும் பார்த்தேன். அப்ப தராசுதான் தப்புன்னு ஆகுதில்ல? என் தராசால ஒரு மனுஷன் பிழைப்பு போச்சுன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் பூ கொண்டு வந்தேன்’னார்.

காலைத் தொடப் போனேன், முழங்கால் மடங்கல. நீ எழுதினது சரிதான், அது தாங்கல. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். பேத்திதான் பெரிய எழுத்துல எழுதிக் காட்டினா: ‘பாட்டி மன்னிப்புக் கேட்கிறார்.’ அவர் படிச்சுட்டு, ‘உட்காரச் சொல்லும்மா, நின்னுக்கிட்டே இருக்காங்களே’ன்னார். உட்கார்ந்தேன்.

ஈயக்கட்டியை அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். முதல் ஞாயித்துக்கிழமை அவர் அதைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு வருவார். நாடாவை வெட்டினதும் உன் கையில குடுப்பார். மேடையில அதை வாங்கிக்கிட்டு நீ என்ன பேசறியோ பேசு. பூராவும் சொல்லு, பாதி சொல்லு, இல்ல வாயைப் பொத்திக்கிட்டு நில்லு. நான் முதல் வரிசையில உட்கார்ந்து கேட்பேன். துணியைக் கொண்டு வரல. ஆனா என் கணக்கைக் கேட்டுக்கோ: ஆறு தடவை நேரா ஜெயிச்சவனுக்கும் ஒரு வளைவு கட்டலாம். பதினொண்ணுன்னு பொய் சொல்றவனுக்குக் கட்டக் கூடாது.

முதலாளி செத்துட்டார், அவரை மன்னிச்சாச்சு. வேற என்ன பண்ண? நடுவரையும்தான். கொடிக்காரனை நேத்துதான் மன்னிச்சேன், அவன் முக்கால் மணி நேரம் இழுக்காம இருந்தா நான் ஊசியை எடுத்திருக்கவே மாட்டேன். உன்னையும் மன்னிச்சுட்டேன், லேட்டானாலும் சொன்னியே. என்னை மன்னிக்க ஒண்ணுமில்ல. பிரிஞ்சு கிடந்தது, தச்சேன். இன்னைக்கும் தைப்பேன்.

ஊசியைத் தொட மாட்டேன்னு யாரு சொன்னது? தொட்டிருப்பேன். ரெண்டு நாள் தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன். மூணாம் நாள் எழுந்து தச்சிருப்பேன். அதை எடைக்காரர்கிட்டயும் போய்ச் சொல்லியிருப்பேன், அந்த மனுஷன் பதினாலு தடவை தராசைப் பிரிச்சிருக்க வேண்டாம். என் தப்பு அது, என்னோடது. அதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம எடுத்துத் தன் தோள்ல போட்டுக்கிட்டு, சுண்ணாம்பைச் சுமந்து, நான் தப்பான ஆளைத் திட்டறதை முப்பது வருஷம் சாயங்காலம் சாயங்காலமா கேட்டுக்கிட்டே சாப்பிட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டார். அன்னைக்கு அந்தச் சவுக்கைக் கையில எடுத்ததுமே எல்லாம் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும், ஓடற ஓட்டத்துல நின்னு, என் முகத்தைப் பார்த்து, ‘நல்லா தச்சிருக்கே’ன்னு சொல்லியிருக்கார்.

மத்த எல்லாரையும் மன்னிச்சுட்டேன். ஒருத்தரை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் அத்தானை.

அக்கா